சாராவிடம் யார் சொன்னார்கள்?



பாஸ்கா திருவிழிப்பு இரவிலே, புதுநெருப்பு ஆசீர்வதிக்கப்பட்டு, பாஸ்காப் புகழுரை பாடப்பட்ட பின்னர் பழைய ஏற்பாட்டிலிருந்து வாசிக்கப்படும் ஏழு வாசகங்களில் இரண்டாவது, ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிட முன்வந்த வரலாறாகும். நேரத்தைச் சுருக்கும் பொருட்டுப் பல ஆலயங்களில் இவ்வாசகம் விடப்படுவதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பங்கில் அதனை விடாது வாசித்தோம். நானும் மறையுரையில் ஆபிரகாமின் விசுவாசத்தை விதந்துரைத்தேன். விறகைச் சுமந்து மலையேறிய மகனையும், சிலுவையைச் சுமந்து கல்வாரி ஏறிய மகனையும் அருகருகே நிறுத்திக் காட்டினேன். குருமடத்தில் எமக்குக் கற்பிக்கப்பட்டது அதுவே. திருச்சபைத் தந்தையர் காலந்தொட்டுக் கூறப்பட்டு வருவதும் அதுவே.

நள்ளிரவு கடந்து, மக்கள் மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டு கலைந்து செல்லும் வேளையில் வயது முதிர்ந்த தாயொருவர் என்னிடம் வந்தார். யுத்த காலத்தில் வீட்டைவிட்டுப் போன மகன் திரும்பி வராத தாய் அவர். "சுவாமி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடேக்கை தாய்க்காறியிட்டை ஒரு சொல்லுச் சொன்னவரோ?" என்று கேட்டார்.

அதைப்பற்றி வேதாகமத்தில் ஒன்றும் இல்லை அம்மா, அங்கே முக்கியமானது ஆபிரகாமின் விசுவாசம் என்று நான் பதிலளித்தேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். நான் கூறியதில் பிழையில்லை. ஆயினும் அந்தத் தாய் கேட்டதற்கு அது விடையல்ல என்பது, அறைக்குத் திரும்பி விளக்கை அணைத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

அத்தாயின் கேள்வியை நெடுங்காலத்துக்கு முன்னரே கேட்டு வைத்த ஒரு மக்களினம் உண்டு. இந்நூலை எமக்குத் தந்தவர்களும் அவர்களே. அவர்கள் அதனை எவ்வாறு வாசிக்கின்றார்கள் என்பதைச் சற்றே விரிவாக இவ்வாரம் நோக்குவோம்.

திருவிவிலியத்தின் முதல் ஐந்து நூல்களையும் யூதர்கள் தோரா என்று அழைக்கின்றனர். தோரா 54 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதியும் பராஷா எனப்படும். ஓய்வுநாளாகிய சனிக்கிழமை காலையில், தொழுகைக்கூடத்தில், கையால் எழுதப்பட்ட தோற்சுருளிலிருந்து அவ்வாரத்துக்குரிய பராஷா முழுமையாக வாசிக்கப்படும். சில வாரங்களில் இரண்டு பகுதிகள் இணைக்கப்படுவதுமுண்டு. இவ்வாறு ஓராண்டில் ஐந்து நூல்களும் முடிவடைகின்றன. இணைச்சட்டத்தின் இறுதி வரி வாசிக்கப்படும் அதே நாளில் தொடக்கநூலின் முதல் வரியும் வாசிக்கப்படுகின்றது. முற்காலத்தில் பாலஸ்தீனத்து யூதர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும் ஒரு சுற்றில் இதனை வாசித்தனர். பாபிலோனிய யூதரின் ஓராண்டு முறையே காலப்போக்கில் எங்கும் நிலைத்தது.

கூடத்தில் கேட்பதோடு கடமை முடிவதில்லை. ஒவ்வொருவரும் அவ்வாரப் பகுதியை மூலத்தில் இரண்டு முறையும், தர்கூம் எனப்படும் அரமேய மொழிபெயர்ப்பில் ஒருமுறையும் தாமாகவே வாசித்து முடிக்க வேண்டும் என்று தல்மூத்து அறிவுறுத்துகின்றது. அரமேயம் மக்களின் பேச்சுமொழியாக இல்லாமற்போன பின்னர், தர்கூமுக்குப் பதிலாக ராஷியின் உரையை வாசிக்கலாம் என்று சட்ட நூலார் இடமளித்தனர்.

ராஷி என்பது ஒரு பெயரின் சுருக்கம். பிரான்சின் துருவா நகரில் 1040ஆம் ஆண்டு முதல் 1105ஆம் ஆண்டு வரை வாழ்ந்த ரபி சலமோன் இட்சாக்கி என்பாரே இவர். சின்னஞ்சிறு வாக்கியங்களில் உரை எழுதியவர். எபிரேய மொழியில் ஆண்டு குறிக்கப்பட்டு அச்சிடப்பட்ட முதல் நூல், 1475இல் இத்தாலியின் ரெஜியோ கலாப்ரியாவில் வெளிவந்த ராஷியின் தோரா உரையேயாகும். அது மூல நூலன்று, உரை நூல் என்பதைக் கவனியுங்கள்.

திருக்குறளுக்கு மணக்குடவர் ஒரு பொருள் கூறப் பரிமேலழகர் வேறொரு பொருள் கொள்வதைப் படித்துச் சுவைத்தவர்களுக்கு இப்பழக்கம் அந்நியமாகத் தோன்றாது. யூதர்களின் பெரிய விவிலியப் பதிப்புகளைத் திறந்தால் பக்கத்தின் நடுவே மூலத்தின் சில வரிகள் மட்டுமே இருக்கும். ஒருபுறம் தர்கூம். சுற்றிவர ராஷி, ஸ்பெயினில் பிறந்து நாடுநாடாக அலைந்த இலக்கணப் புலவர் இப்னு எஸ்ரா, கிரோனா நகரத்து மருத்துவரான ரம்பான் எனப் பலரின் உரைகள். நூற்றாண்டுகளால் பிரிந்தவர்கள் ஒரே பக்கத்தில் அமர்ந்து வாதிட்டுக்கொண்டிருப்பார்கள். எவரும் மற்றவரை அழித்துவிடுவதில்லை. இவ்வமைப்பில் விவிலியத்தை முதன்முதலாக 1516-17இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட தானியேல் பொம்பேர்க் ஒரு கிறிஸ்தவர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

ஈசாக்கின் வரலாறு வருகின்ற பராஷாவின் பெயர் வயேரா. ஆண்டுதோறும் ஒக்டோபர் பிற்பகுதியிலோ நவம்பரிலோ அதன் வாரம் வரும். தொடக்கநூலின் 18ஆம் அதிகாரத்தில் ஆரம்பித்து 22ஆம் அதிகாரத்தின் இறுதிவரை செல்லும் நீண்ட பகுதி அது. கூடார வாயிலில் வந்து நின்ற மூன்று விருந்தினர், சாராவின் சிரிப்பு, சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதிலிருந்து பத்துவரை பேரம் பேசியது, லோத்தின் தப்பியோட்டம், ஈசாக்கின் பிறப்பு, ஆகார் துரத்தப்பட்டது, இறுதியாக மோரியா மலை என அனைத்தும் ஒரே வாரத்தில் ஒரே மூச்சில் வாசிக்கப்படும். நாமோ இவற்றைத் தனித்தனித் துண்டுகளாக, வெவ்வேறு காலங்களில் கேட்டுப் பழகியவர்கள். துண்டுகளாகக் கேட்கும்போது தெரியாத சில, சேர்த்து வாசிக்கும்போது தாமாகவே கண்ணில் படுகின்றன.

சாரா சிரித்த இடத்தை எடுத்துக்கொள்வோம். தமக்கும் வயதாகிவிட்டது, தம் தலைவருக்கும் வயதாகிவிட்டது என்று சாரா தமக்குள் நகைக்கின்றார். அடுத்த வரியில் இறைவன் அதனை ஆபிரகாமிடம் கூறும்போது, கணவரின் முதுமை பற்றிய பகுதியை விட்டுவிட்டு, சாரா தமது முதுமையைச் சொன்னதாக மட்டுமே கூறுகின்றார். ராஷி இங்கே நின்று, சமாதானத்தின் பொருட்டு இறைவனே சொல்லை மாற்றினார் என்று தல்மூத்தை ஒட்டி எழுதுகின்றார். கணவன் மனைவிக்கிடையே ஒரு சிறு மனவருத்தமும் உண்டாகக்கூடாது என்பதில் விண்ணகமே அவ்வளவு அக்கறை கொண்டிருந்ததாம். இதை மனதில் வைத்துக்கொண்டு நான்கு அதிகாரங்கள் கடந்து செல்லுங்கள். கூடாரத் திரைக்குப் பின்னால் சிரித்த சிரிப்புக்கூடக் கேட்கப்பட்ட அந்தப் பெண்ணிடம், மகனைக் கூட்டிச் செல்லும் விடியற்காலையில் எவரும் ஒரு வார்த்தை பேசியதாக நூல் கூறவில்லை.

விடியற்காலை என்றேன். இப்பராஷாவில் ஆபிரகாம் அதிகாலையில் எழுந்தார் என்பது இரண்டு பிள்ளைகளின் வரலாற்றிலும், அதே எபிரேயச் சொற்களில், வருகின்றது. 21ஆம் அதிகாரத்தில் அவர் அதிகாலையில் எழுந்து ஆகாரையும் இஸ்மயேலையும் சிறிதளவு அப்பத்தோடும் தோற்பையில் தண்ணீரோடும் பாலைநிலத்துக்கு அனுப்புகின்றார். 22ஆம் அதிகாரத்தில் அதிகாலையில் எழுந்து ஈசாக்கைக் கூட்டிச் செல்கின்றார். இரண்டு பிள்ளைகளும் சாவின் விளிம்புவரை போகின்றார்கள். இரண்டு முறையும் வானத்திலிருந்து தூதர் அழைக்கின்றார். ஆனால் ஆகாருக்கு அழுவதற்கு இடம் தரப்பட்டுள்ளது. தண்ணீர் தீர்ந்தபின், பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டாமல், அம்பு எய்யும் தூரத்தில் போயிருந்து அவர் கதறுகின்றார். சாராவின் அழுகையைப் பற்றி 22ஆம் அதிகாரம் மௌனம் சாதிக்கின்றது. அந்த ஆகாரைத் துரத்தச் சொன்னவரும் சாராவே என்பதை வாசகர்கள் அறிவீர்கள். இதற்கு முந்திய பராஷாவில், கருவுற்றிருந்த ஆகாரைச் சாரா கொடுமைப்படுத்திய இடத்தில், எங்கள் அன்னை இதிலே பாவம் செய்தார், அதற்கு இடங்கொடுத்த ஆபிரகாமும் பாவம் செய்தார் என்று ரம்பான் தயக்கமின்றி எழுதிவிடுகின்றார். குலமுதல்வர்களைக் குறை கூறாமலே வாசித்துப் பழகிய எமக்கு இது சற்று அதிர்ச்சியாகவே இருக்கும்.

இனி மோரியா. நாம் ஈசாக்கின் பலி என்கின்றோம். அவர்களோ அகேதா, அதாவது கட்டுதல் என்கின்றனர். பலி நடக்கவில்லை, மகன் கட்டப்பட்டான், அவிழ்க்கப்பட்டான். பெயரிலேயே அந்த நிதானம் இருக்கின்றது.

மகனை அழைத்துச் செல்லுமாறு வரும் கட்டளையில் உன் மகன், ஒரே மகன், நீ அன்பு செய்பவன், ஈசாக்கு என்று ஏன் இத்தனை சொற்கள் அடுக்கப்பட்டுள்ளன என்று உரையாசிரியர்கள் கேட்டார்கள். ராஷி பழைய மித்ராஷ் விளக்கத்தைத் தழுவி, இதனை ஓர் உரையாடலின் ஒரு பக்கமாகக் காண்கின்றார். ஆபிரகாமின் பக்கம் எழுதப்படவில்லை. மகன் என்றதும் தமக்கு இருவர் உண்டென்கின்றார் ஆபிரகாம். ஒரே மகன் என்றதும், இருவரும் தத்தம் தாய்க்கு ஒரே மகன் அல்லவா என்கின்றார். அன்புக்குரியவன் என்றதும், இருவரிடமும் அன்புண்டு என்கின்றார். கடைசியிலேதான் பெயர் வருகின்றது. தந்தை ஒருவர் ஒவ்வொரு சொல்லாகப் பின்வாங்கி, அந்தப் பெயர் வெளிவராதிருக்க முயல்வதை நாம் இங்கே கேட்கின்றோம். மறையுரையில் நான் காட்டிய ஆபிரகாம் இப்படித் தயங்கவில்லை. எனது ஆபிரகாமைவிட ராஷியின் ஆபிரகாம் எனக்கு இப்போது அதிகம் நம்பத்தக்கவராகத் தோன்றுகின்றார்.

மகனுக்கு அப்போது வயதென்ன? ஓவியங்களிலெல்லாம் சிறுவனாகவே காண்கின்றோம். சாரா தொண்ணூறு வயதில் அவனைப் பெற்றார், 127 வயதில் இறந்தார், ஆகவே ஈசாக்குக்கு வயது 37 என்று மித்ராஷ் கணக்கிட்டது. இக்கணக்குக்குள் ஒரு துயரம் ஒளிந்திருக்கின்றது: மோரியாவும் சாராவின் மரணமும் ஒரே காலத்தில் நிகழ்ந்தால் மட்டுமே அது பொருந்தும். இப்னு எஸ்ரா இதனை ஏற்கவில்லை. மரபுவழி வந்த செய்தியாயின் ஏற்கலாம். அறிவின்படி நோக்கினால், முதிர்ந்த மகனொருவன் மனமுவந்து உடன்பட்டிருந்தால் அவனது பெருமையையும் நூல் கூறியிருக்க வேண்டுமே, ஆதலால் பதின்மூன்று வயதளவில் இருக்கலாம் என்பது அவர் கருத்து. இரண்டு கருத்தும் ஒரே பக்கத்தில் இன்றும் அச்சாகின்றன.

ராஷியின் மகள்வழிப் பேரனாகிய ரஷ்பாம் இன்னும் ஒருபடி மேலே போகின்றார். மோரியாவுக்கு முந்திய நிகழ்வு, அபிமெலக்கோடு ஆபிரகாம் செய்த உடன்படிக்கை. இறைவன் வாக்களித்த நிலத்தைப் பற்றி அந்நிய அரசனோடு அவ்வாறு உடன்பட்டதற்குத் தண்டனையாகவே இச்சோதனை வந்தது என்கின்றார். பேரனார் பாட்டனாரோடு முகத்துக்கு நேரே வாதிட்டவர். நேரம் வாய்த்திருந்தால் தமது உரைகளைத் திருத்தி எழுதியிருப்பேன் என்று பாட்டனார் தம்மிடம் ஒப்புக்கொண்டதாகவும் அவர் பதிவு செய்துள்ளார். அத்தகைய பாட்டனாருக்கு என் வணக்கம்.

விறகைச் சுமந்து செல்லும் ஈசாக்கைப் பற்றித் தொடக்கநூலுக்கான பெரிய மித்ராஷ் கூறும் உவமையைப் படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டேன். தன் சிலுவையைத் தன் தோளில் சுமந்து செல்பவனைப் போல என்பதே அவ்வுவமை. யூத அறிஞர்கள் எழுதியது இது. நமது வாதத்துக்குச் சான்று கிடைத்துவிட்டதென்று மகிழ்வது எளிது. ஆனால் அவர்கள் நமது கோட்பாட்டை எண்ணி எழுதவில்லை என்பதே என் கருத்து. உரோமையர் ஆட்சியில் தம் பிள்ளைகள் சிலுவை சுமந்து செல்லப் பார்த்து நின்ற மக்கள் அவர்கள். அவர்களுக்கு அது அன்றாடக் காட்சி.

பிற்காலத்தில் அக்காட்சி வேறுவிதமாகத் திரும்பி வந்தது. அதனையும் ஒரு கத்தோலிக்கக் குரு மறைக்காமல் எழுத வேண்டும். 1096ஆம் ஆண்டு, ராஷிக்கு ஐம்பத்தாறு வயதளவில், முதலாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்டவர்கள், ஆடையில் சிலுவை தைத்துக்கொண்டு, ரைன் நதிக்கரை நகரங்களில் புகுந்து யூதர்களைக் கொன்றனர். ஸ்பையர், வேர்ம்ஸ், மயின்ஸ் ஆகியன அந்நகரங்கள். வேர்ம்சிலும் மயின்சிலும்தான் ராஷி இளமையில் கல்வி கற்றார். கட்டாயத் திருமுழுக்குக்கு உள்ளாவதைவிடச் சாவதே மேல் என்று பெற்றோர் தம் பிள்ளைகளைத் தம் கையாலேயே கொன்ற சம்பவங்களை எபிரேய வரலாற்றுக் குறிப்புகள் விவரிக்கின்றன. அவை அகேதாவையே நினைவுகூர்ந்து எழுதப்பட்டுள்ளன. ஆபிரகாமின் கையைத் தடுத்த குரல் இங்கே ஏன் கேட்கவில்லை என்பதே அவற்றின் உள்ளார்ந்த கேள்வி. 1242இல் பாரிஸ் நகரில் தல்மூத்துப் படிகள் வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டன. 1263இல் பார்சலோனாவில் அரசன் முன்னிலையில் வாதிடுமாறு ரம்பான் வரவழைக்கப்பட்டார். சில ஆண்டுகளில், முதிர்ந்த வயதில், தாயகமாகிய ஸ்பெயினைவிட்டு நீங்கினார். புனித ஜெரோம் பெத்லகேமில் யூத ஆசிரியர்களிடம் எபிரேயம் பயின்றதையும், பிரான்சிஸ்கன் துறவி லீரா நிக்கொலாஸ் ராஷியின் உரையைத் தம் உரையெங்கும் எடுத்தாண்டதையும் பெருமையோடு கூறும் நாம், இவற்றையும் சேர்த்தே கூறவேண்டும். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர்கள் மீதான பகைமையைக் கண்டித்தது. 2001இல் பாப்பிறை விவிலிய ஆணைக்குழு, யூதர்களின் விவிலிய வாசிப்பு ஏற்கத்தக்கதொரு வாசிப்பே என்றும், கிறிஸ்தவர்கள் அதிலிருந்து நிறையக் கற்கலாம் என்றும் எடுத்துரைத்தது.

மலையுச்சிக்குத் திரும்புவோம். தூதர் தடுத்த பின்னர் ஆபிரகாம் முறையிட்டதாக ராஷி கூறுகின்றார். ஈசாக்கின் வழியே சந்ததி என்றீர், பின்னர் அவனையே கேட்டீர், இப்போது கைவைக்காதே என்கின்றீரே என்று அவர் கேட்க, அவனைக் கொல்லும்படி நான் கூறவில்லையே, மேலே கொண்டுவரும்படி மட்டுமே கூறினேன். கொண்டுவந்துவிட்டாய், இனிக் கீழே இறக்கிச் செல் என்று இறைவன் விடையளித்தாராம். எபிரேயத்தில் எரிபலி செலுத்துதலுக்குரிய வினைச்சொல்லின் அடிப்பொருள் மேலே ஏற்றுதல் என்பதாகும். முதலில் இதனைச் சொல்விளையாட்டு என்றே எண்ணினேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. பிள்ளையின் உயிரைக் கேட்கின்ற கடவுள் நாம் வழிபடும் கடவுளாக இருக்கவியலாது என்ற தவிப்பே ராஷியை அச்சொல்லைப் புரட்டிப் பார்க்க வைத்தது.

கீழே இறக்கிச் செல் என்றார். யார் இறங்கினார்கள்? 22ஆம் அதிகாரத்தின் 19ஆம் வசனத்தில் ஆபிரகாம் மட்டுமே தம் வேலையாட்களிடம் திரும்புகின்றார்; பெயேர்செபாவில் குடியிருக்கின்றார். ஏறும்போது இருவரும் ஒன்றாகச் சென்றதை இருமுறை கூறிய நூல், இறங்கும்போது ஈசாக்கின் பெயரைக் கூறவில்லை. எமது பாஸ்கா திருவிழிப்பு வாசகமோ 18ஆம் வசனத்தோடு நின்றுவிடுவதால், இந்த வெற்றிடம் நமது காதில் விழுவதேயில்லை. மகன் தந்தையின் பொறுப்பில் இருந்ததால் தனியே குறிப்பிடப்படவில்லை என்கின்றார் இப்னு எஸ்ரா. கல்வி கற்க அனுப்பப்பட்டான் என்கின்றது மித்ராஷ். கத்தி நெருங்கியதும் உயிர் பிரிந்து, குரல் கேட்டதும் மீண்டும் வந்தது என்று வேறொரு பழைய நூல் கூறுகின்றது. எப்படியாயினும், இதற்குப் பின் தந்தையும் மகனும் ஒருவரோடொருவர் பேசியதாகத் தொடக்கநூலில் ஒரு வரிகூட இல்லை. ஈசாக்கை நாம் மீண்டும் காணும்போது அவர் பெயேர்லகாய்ரோயியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றார். அது ஆகாரின் கிணறு. முதுமையில் அவரது கண்கள் மங்கிய இடத்தில், பலிபீடத்தில் கட்டுண்டு கிடந்தபோது வானதூதர்கள் அழுத கண்ணீர் அக்கண்களில் விழுந்ததே காரணம் என்று ராஷி எழுதுகின்றார்.

வயேரா இவ்விடத்தில், நாகோரின் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு முடிகின்றது. அடுத்த ஓய்வுநாள் வரும்வரை ஒரு வாரம் முழுவதும் வாசகர் அந்த மௌனத்தோடு இருக்கவேண்டும். அடுத்த பராஷாவின் பெயர் சாராவின் வாழ்நாள். அதன் முதற் செய்தியோ அவருடைய மரணம். அவர் இறந்தது எபிரோனில். ஆபிரகாம் குடியிருந்ததாகக் கூறப்பட்ட பெயேர்செபா அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. அவர் புலம்பி அழுவதற்காக அங்கே வந்தார் என்கின்றது நூல்.

சாராவின் மரணம் ஏன் மோரியாவை அடுத்து எழுதப்பட்டது என்று ராஷி கேட்கின்றார். மகன் வெட்டப்படுவதற்கு ஆயத்தமாக்கப்பட்டு, மயிரிழையில் தப்பினான் என்ற செய்தி எட்டியதும் அத்தாயின் உயிர் பறந்துவிட்டது என்பது அவர் தரும் விடை. லேவியர் நூலுக்கான மித்ராஷில், வீடு திரும்பிய ஈசாக்கே நடந்ததைத் தாயிடம் கூறுகின்றான். அவர் ஆறுமுறை குரலெழுப்பிக் கதறி, கதறி முடியுமுன்னே இறந்துபோகின்றார். யூதப் புத்தாண்டு நாளில் தொழுகைக்கூடத்தில் ஊதப்படும் ஆட்டுக்கொம்பின் ஓசைகள் அக்கதறல்களுக்கு ஈடானவை என்று அந்நூல் கூறுகின்றது. அப்புத்தாண்டின் முதல் நாளில் ஆகாரின் வரலாறும், இரண்டாம் நாளில் அகேதாவும் வாசிக்கப்படுகின்றன. ஆட்டுக்கொம்பு, ஈசாக்குக்குப் பதிலாகப் புதரில் அகப்பட்ட ஆட்டின் நினைவு என்றே நான் அறிந்திருந்தேன். அதற்குள் ஒரு தாயின் குரலும் இருக்கின்றது என்பதை அறிந்திருக்கவில்லை.

ஒவ்வொரு பராஷாவோடும் இறைவாக்கினர் நூல்களிலிருந்து ஒரு வாசகம் சேர்க்கப்படும். வயேராவுக்குரியது 2 அரசர் 4ஆம் அதிகாரம். சூனேம் ஊர்ப் பெண்ணின் ஒரே மகன் தாயின் மடியிலேயே இறந்துவிடுகின்றான். அவர் கழுதையில் சேணமிடச் செய்து எலிசாவிடம் விரைகின்றார். ஏன் இன்று போகின்றாய் என்று கேட்கும் கணவனுக்கு அவர் கூறும் விடை ஒரே சொல்: சாலோம். நலம், சமாதானம் என்பது அதன் பொருள். ஐரோப்பிய யூத மரபினர் பிள்ளை உயிர்பெற்றெழும் 37ஆம் வசனம்வரை வாசிக்கின்றனர். ஸ்பானிய யூத மரபினரோ 23ஆம் வசனத்தில், அந்தச் சொல்லோடு நிறுத்திவிடுகின்றனர். பிள்ளை மாடியறையில் இறந்து கிடக்கின்றான், தாய் சமாதானம் என்கின்றார், வாசகம் முடிகின்றது. மோரியாவில் பேச இடம் பெறாத தாய்க்குப் பதிலாக இன்னொரு தாய் ஆண்டுதோறும் எழுந்து பேசுவதாகவே எனக்குப் படுகின்றது.

நமது மரபிலும் சாராவை எவரும் நினைக்கவில்லை என்று கூறினால் அது நியாயமன்று. சிரிய மொழிக் கிறிஸ்தவர்களின் பழைய செய்யுள் மறையுரைகளில் சாரா வாய்திறந்து பேசுகின்றார். இன்னொன்றையும் நான் காலந்தாழ்த்தியே கண்டுகொண்டேன். ஒற்றைப்படை ஆண்டுகளில், பொதுக்காலம் 13ஆம் வாரத்தின் வியாழக்கிழமை நமது திருப்பலி வாசகம் மோரியா வரலாறு, 19ஆம் வசனம்வரை. மறுநாள் வெள்ளிக்கிழமை வாசகம் சாராவின் மரணத்தோடு ஆரம்பிக்கின்றது. பலமுறை அவ்விரு நாட்களும் திருப்பலி ஒப்புக்கொடுத்திருக்கின்றேன். வியாழனையும் வெள்ளியையும் சேர்த்து வாசிக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தாயின் வீட்டுக்கு ஒருநாள் சென்று, முன்பு நான் சொன்ன விடை போதாது என்றேன். ராஷியையும் ஆறு கதறல்களையும் பற்றிக் கூறினேன். அவர் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர், "அப்ப ஆபிரகாம் வந்து அழுதவரோ?" என்றார். அழுதார் என்றேன். தோற்சுருளில் ஆபிரகாம் அழுதார் என்ற சொல்லின் நடுவிலுள்ள ஓர் எழுத்தை மட்டும் மரபுப்படி சிறிதாக எழுதுவார்கள் என்பதையும், சாரா முதிர்ந்த வயதில் இறந்ததால் அவர் கொஞ்சமாகவே அழுதார் என்று 14ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ஒருவர் விளக்கியதையும் சொன்னேன்.

"கொஞ்சமாய் அழுதவர் எண்டு ஆர் கண்டது சுவாமி? ஆம்பிளையள் ஆக்களுக்கு முன்னாலை அழமாட்டினம். என்ரை மனிசன் கிணத்தடியிலை போய் நிண்டுதான் அழுதவர். எனக்கு முன்னாலை ஒருநாளும் அழேல்லை" என்றார் அவர்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் வாழ்ந்த ரபி சாம்சன் ரபாயேல் ஹிர்ஷ் அந்தச் சிற்றெழுத்துக்குத் தரும் விளக்கமும் ஏறக்குறைய இதுவே: ஆபிரகாம் அழுகையை வெளியே காட்டாமல் தம் உள்ளத்துக்குள்ளே மறைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் அதனை அவரிடம் தெரிவித்தேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "பாவம், அவருக்கும் ஆரேன் செத்தவையோ?" என்று கேட்டார்.